ஐந்து கோடுகளுக்குள் ஓர் அரசர்

முன்னொரு காலத்தில், குடியானவன் கைமாற்று வாங்கினால் கடன் என்றும் அரசர் வாங்கினால் ராஜதந்திரம் என்றும் சொல்லிவந்த ஒரு நாட்டில், வில்லவராயர் என்று ஓர் அரசர் இருந்தார். நல்ல மனிதர்தான். குடிகளை அடித்துப் பிடுங்க மாட்டார், அண்டை நாட்டோடு வீண் சண்டைக்குப் போக மாட்டார். ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும் என்பார். காலையில் ஒரு குதிரையைப் பார்த்தால் மத்தியானத்துக்குள் அது லாயத்தில் நிற்க வேண்டும். சாயங்காலம் ஒரு பதக்கத்தைப் பார்த்தால் விடிவதற்குள் அது மார்பில் தொங்க வேண்டும். "கொடுத்துவிடலாம், கொடுத்துவிடலாம்" என்பார். யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று அவரும் சொன்னதில்லை. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அந்த நாட்டில் வாயைத் திறந்து கேட்கவும் வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கடன் கொடுத்தவர், வாங்கியவரை எங்கே கண்டாலும் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டக் கோடு போடலாம். போட்டாயிற்றென்றால் போட்டதுதான். கொடுத்தவர் மனம் குளிர்ந்து தன் கையால் அதை அழிக்கும் வரை, வாங்கியவர் கோட்டைத் தாண்டக் கூடாது. வயிற்றுக்கும் உடம்புக்கும் அவசியமானதற்குப் போய்வரலாம், அவ்வளவுதான். வேறு யாராவது கோட்டை அழித்தால் அழித்த ஆளுக்கு நடுத்தெருவில் கசையடி. அரசருக்கும் இந்த வழக்கம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. வில்லவராயரின் பாட்டனாரே அதைச் செப்பேட்டில் வெட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் யாரிடமும் கடன் வாங்காத மனிதர், அவருக்கென்ன, தாராளமாக வெட்டிவிட்டார்.

அந்த வருஷம் பங்குனித் தேர். அரசர் கை வடத்தில் பட்டால்தான் தேர் நிலையை விட்டு நகரும் என்பது அந்த ஊர் முறை. வில்லவராயர் தலைப்பாகை, பதக்கம், கைநிறைய மோதிரம் என்று கோட்டை வாசலை விட்டு இறங்கி வருகிறார். மேளம் முழங்குகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சாயி என்கிற பூக்காரி வந்தாள். மடியில் இருந்த கோலமாவை எடுத்தாள். அரசரைச் சுற்றி ஒரே வீச்சில் ஒரு வட்டம் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க ராசா. ரெண்டு வருஷமா அரமனைக்குப் பூக் கட்டுறேன். அறுபது காசு பாக்கி. கேட்டா நாளைக்கு நாளைக்குங்கிறாங்க. எம் மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், நான் எங்க போவேன்?"

மேளம் நின்றுவிட்டது. அரசர் பின்னால் திரும்பிப் பொக்கிஷ அதிகாரி குணபூஷணரைப் பார்த்தார். குணபூஷணர் வானத்தைப் பார்த்தார். பொக்கிஷத்தில் அறுபது காசு இல்லை! பங்குனி வெயிலில், பதக்கத்தோடும் மோதிரத்தோடும், ஒரு பூக்காரி போட்ட வட்டத்துக்குள் அரசர் மாலை வரை நின்றார். தேர் நிலையிலேயே நின்றது. கடைசியில் பேச்சாயிக்கே மனசு கேட்கவில்லை. "போங்க ராசா, நிழலுக்குப் போங்க. முகமெல்லாம் கறுத்துப்போச்சு" என்று குனிந்து கையால் மாவைத் தேய்த்துவிட்டுப் போனாள். அரசருக்கு அந்த இரக்கம்தான் வெயிலைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் அவை கூடியது. அரசர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"அடுத்த பங்குனித் தேருக்குள் இந்த அரண்மனைக்கு ஒரு காசுகூடக் கடன் இருக்கக் கூடாது. யார் பொறுப்பேற்கிறீர்கள்?" என்றார்.

மந்திரிமார் எல்லோரும் அவரவர் கால் விரலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குணபூஷணர் மட்டும் எழுந்தார். அவருக்கு அவையின் விகடன் நல்லபெருமாளைக் கண்டால் ஆகாது. 'பொக்கிஷத்துக்குப் பூட்டு எதற்கு மகாராஜா, எலிகூட உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வருகிறதே' என்று நல்லபெருமாள் ஒருநாள் சொல்லப்போக, அரசர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து குணபூஷணருக்குச் சோறு செரிக்கவில்லை.

"அரசே, பொக்கிஷத்தைப் பற்றி நம் நல்லபெருமாளுக்கு நிறையத் தெரியும். அவரிடமே ஒப்படைக்கலாம். ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும். புதுக் கடன் வாங்கக் கூடாது. புது வரி போடக் கூடாது. அரண்மனை நகையை விற்கக் கூடாது. யாரிடமும் கடனைத் தள்ளிவிடும்படி கெஞ்சவும் கூடாது. முக்கியமாக, நம் அவையின் ஆசாரம் மாறக் கூடாது. பெரிய கடன் கொடுத்தவருக்கே முதல் மரியாதை."

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் விஷம் இருந்தது. அரண்மனைக்குக் கடன் கொடுத்தவர்கள் ஐந்து பேர். பேச்சாயிக்கு மேலே எண்ணெய் வாணிகர், அவருக்கு மேலே பொற்கொல்லர், அவருக்கு மேலே குதிரை வணிகர், எல்லோருக்கும் மேலே வட்டிக்கடை சங்கநிதியார். அவருக்கு மட்டும் நானூறு காசு பாக்கி. கடனை அடைக்க என்று மாதாமாதம் ஒதுக்கும் நூறு காசை அவையின் ஆசாரப்படி அப்படியே சங்கநிதியாருக்கு அனுப்பிவிடுவார் குணபூஷணர். அடுத்த வாரமே அரசருக்கு ஏதாவது ஆசை வரும். அதே நூறை அதே சங்கநிதியாரிடம் திரும்பக் கடனாக வாங்கிவருவார். போகும்போதும் வரும்போதும் குணபூஷணர் விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மற்ற நாலு பேரும் வாசலில் காய்ந்துகொண்டிருப்பார்கள். இப்படியே போனால் நூறு வருஷம் ஆனாலும் கடன் அடையாது. அடைய வேண்டும் என்று அவருக்கென்ன வேண்டுதலா?

அரசர் நல்லபெருமாளைப் பார்த்தார். "செய்வாயா? முடித்தால் கேட்டதைத் தருகிறேன். முடிக்காவிட்டால் என்னைப்போல் நீயும் தலைகுனிய வேண்டும். தேரன்றே குடும்பத்தோடு ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். திரும்பக் கூடாது."

"உத்தரவு மகாராஜா" என்று நல்லபெருமாள் சொல்லிவிட்டான். வேறு என்ன சொல்வான்?

வீட்டில் அவன் மனைவி உலகம்மை சோற்றுக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உத்தரவுன்னு சொல்லிட்டு வந்தீங்களா? ஆத்துக்கு அக்கரையில எனக்கு யாரத் தெரியும்? எங்கம்மா இங்க படுத்த படுக்கையா கெடக்கு. ஊர்ல எல்லாரையும் சிரிக்க வச்சீங்க, இப்ப நான் அழணுமா?"

"அழாத உலகு. இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"ஒரு வருஷம் இருக்காம்! நூறு காசுக்கு அஞ்சு பேரு. ஆளுக்கு இருபதுன்னு பிரிச்சாலும் ஒருத்தர் கோடும் லேசுல அழியாது. பெரியவருக்கே குடுத்தா நாலு பேரும் கோலமாவோட வாசல்ல நிப்பாங்க. என்ன செய்யப்போறீங்க?"

நல்லபெருமாள் இலையின் முன் உட்கார்ந்தான். சாப்பிட்டான். மறுசோறு கேட்டான். அதற்கும் திட்டு வாங்கினான். கை கழுவிவிட்டு வந்தபோது அவனுக்கு வழி தெரிந்துவிட்டது.

அடுத்த நல்ல நாளில் கடன் கொடுத்த ஐவரையும் அரண்மனை நந்தவனத்து மண்டபத்துக்கு வரவழைத்தான். நடுவே ஒரு மஞ்சம். அதில் அரசரை உட்காரவைத்தான்.

"ஐயாமாரே, தாயே, வந்து உங்கள் வழக்கப்படி கோடு போடுங்கள்" என்றான்.

அரசர் திடுக்கிட்டு எழுந்தார். "அடே! தெருவில் பட்டது போதாதென்று அரண்மனைக்குள்ளேயேவா?"

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா. முதல் மரியாதை யாருக்கு? சங்கநிதியாருக்கு!"

வெற்றிலைத் தட்டு வந்தது. மாலை வந்தது. இரண்டு தவில்காரர்கள் வந்து காது கிழிய வாசித்தார்கள். சங்கநிதியாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நல்லபெருமாள் கும்பிட்டுக்கொண்டே, "தங்கள் அந்தஸ்துக்கு இந்த மஞ்சத்தைச் சுற்றிச் சின்னதாகப் போட்டால் நன்றாகவா இருக்கும்? எல்லோரையும்விடப் பெரிய வட்டம் தங்களுடையதாக இருக்க வேண்டாமா?" என்றான்.

"வேண்டும்தான்" என்றார் சங்கநிதியார். பல்லக்கில் ஏறினார். முன்னால் தவில், பின்னால் குடை. கோட்டையையே சுற்றிவந்து, வாசலுக்கு வெளியே ராஜவீதியின் குறுக்காகவும் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தார். ஆள் வைத்துத்தான் போட்டார். வழக்கம் கெடக் கூடாது என்று வாசலுக்கு நேரே மட்டும் பல்லக்கை விட்டு இறங்கித் தன் கையால் இழுத்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

அவரைப் பார்த்துக் குதிரை வணிகர் அந்தப்புரம் உட்பட அரண்மனையைச் சுற்றிப் போட்டார். பொற்கொல்லர் நந்தவனத்தைச் சுற்றிப் போட்டார். எண்ணெய் வாணிகர் மண்டபத்தைச் சுற்றிப் போட்டார். பேச்சாயிக்கு மிஞ்சியது மஞ்சம்தான். அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டாள். அரசர் காலை நீட்டினால் கட்டைவிரல் கோட்டைத் தொடும்.

இப்போது நல்லபெருமாள் குணபூஷணர் பக்கம் திரும்பினான். "ஐயா, முதல் மரியாதை முடிந்தது. இனி அரசர் சங்கநிதியாரின் கோட்டைத் தாண்ட வேண்டும். தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும். பேச்சாயியின் கோட்டைத் தாண்டாமல் அவர் அங்கே எப்படிப் போவார்?"

குணபூஷணர் மஞ்சத்தைச் சுற்றியிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். செப்பேட்டு வழக்கத்தை மீற அவராலும் முடியாது. உள்ளே இருக்கும் கோடு அழிந்தால்தான் அடுத்த கோட்டுக்கே போக முடியும். குழந்தைக்கும் தெரிகிற விஷயம்.

"ஆகவே ஏற்பாடு இதுதான்" என்றான் நல்லபெருமாள். "மாதம் நூறு காசு. ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பத்து தவறாமல் போகும். யாரும் வயிறு எரிய வேண்டாம். மிச்சம் ஐம்பதும் அரசர் காலுக்கு எந்தக் கோடு பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கு. அந்தக் கோடு அழிந்ததும், அவருக்குப் போய்க்கொண்டிருந்த மொத்தமும் அடுத்த கோட்டுக்காரர் பங்கோடு சேர்ந்துகொள்ளும். ஒரு காசு வேறு பக்கம் போகாது."

சங்கநிதியார் முகம் கடுகடுத்தது. மாதம் பத்து காசு அவருடைய வட்டிக்குத்தான் சரியாகும். ஆனாலும் இத்தனை பெரிய வட்டத்தைத் தவில் வாசித்துப் போட்டுவிட்டு, அது வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

முதல் மாதம் அரசருக்கு நரகம். குளிக்க, சாப்பிட, கண்ணயர என்று வழக்கம் அனுமதித்ததற்குப் போய்வருவார், உடனே மஞ்சம். வேட்டை இல்லை, கடைத்தெரு இல்லை. ஒருநாள் நந்தவனத்தின் பக்கமாக ஒரு கிளி வியாபாரி போனான். ஐந்து பாஷை பேசும் கிளி! அரசர் மஞ்சத்திலேயே துள்ளினார்.

"வாங்கு, வாங்கு! கொடுத்துவிடலாம்!"

குணபூஷணர் எங்கிருந்தோ ஓடிவந்தார். "சங்கநிதியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அரசே..."

"தாராளமாக வாங்கலாம்" என்றான் நல்லபெருமாள். "ஆனால் காசு இல்லை. காசு இல்லாவிட்டால் கிளிக்காரனும் ஒரு கோடு போடுவான். பேச்சாயியின் கோட்டுக்கும் உள்ளே. இடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள் மகாராஜா. ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டிவரும்."

அரசர் கீழே குனிந்து பார்த்தார். கிளியைப் பார்த்தார். "அது என்ன பெரிய கிளி, மூக்குக் கோணல்" என்று சொல்லிவிட்டு மறுபுறம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மாதம் முடிந்தது. பேச்சாயிக்கு அறுபது காசும் போய்ச் சேர்ந்தது. அவள் காசை ஒவ்வொன்றாக எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். எண்ணும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு நம்பவே மாட்டாரு ராசா. அரமனைக் காசு, கெணத்துல போட்ட கல்லுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றாள். முந்தானையாலேயே கோட்டைத் துடைத்தாள்.

அரசர் எழுந்தார். மண்டபத்தின் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக நடந்தார். இன்னொரு தரம் நடந்தார். "நல்லபெருமாள்! எனக்குக் கால் இருக்கிறதடா!" என்று கத்தினார். ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு நடந்ததில் ஓர் அரசருக்கு இவ்வளவு ஆனந்தமா என்று காவலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது பேச்சாயிக்குப் போன அறுபதும் எண்ணெய் வாணிகரின் பத்தோடு சேர்ந்துகொண்டது. அடுத்த மாதமே அவர் கோடு போயிற்று. அரசர் நந்தவனத்தில் இறங்கினார். மல்லிகையை முகர்ந்தார், குளத்தில் கல் எறிந்தார். எண்ணெய்க்காரரின் எழுபதும் பொற்கொல்லருக்குப் போகும் பத்தோடு கலந்தது. கோடு போகப் போகக் காசு பெருத்தது. காசு பெருக்கப் பெருக்க அரசருக்கு வெறியே பிடித்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் "எவ்வளவு பாக்கி?" என்பார். யாராவது பட்டுத் துணியைப் பற்றிப் பேசினால், "அதற்கு எத்தனை நாள் இந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும்?" என்று கேட்பார். பேசியவர் வாயை மூடிக்கொள்வார்.

குணபூஷணர் சும்மா இருப்பாரா? பொற்கொல்லர் கணக்கு பாதியில் இருந்தபோது அரசர் காதில் வந்து ஊதினார். "அரசே, சங்கநிதியார் மனம் நொந்திருக்கிறார். வட்டி அவருக்குத்தான் ஓடுகிறது. இந்த மாதம் எண்பதையும் அவருக்கு அனுப்பினால் வட்டி குறையுமே. எனக்கும் கணக்கு தெரியுமல்லவா?"

கணக்கில் தப்பு இல்லைதான். அரசர் யோசித்தார். நல்லபெருமாளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அனுப்பலாம் மகாராஜா" என்றான் அவன். "வட்டி கொஞ்சம் குறையும். ஆனால் பொற்கொல்லரின் கோடு இன்னும் அதிக நாள் இருக்கும். ராணியாரைப் பார்க்க வேண்டுமானால் நந்தவனத்து வேலியில் நின்று கையாட்டலாம். இத்தனை வருஷமாகப் பெரியவருக்கே கொடுத்தோமே, ஒரு கோடாவது அழிந்து பார்த்தீர்களா?"

அரசர் வேலிப் பக்கம் பார்த்தார். அந்தப்புரத்து ஜன்னலில் ராணி நின்றுகொண்டிருந்தார். அது போதும். எண்பதும் பொற்கொல்லருக்கே போயிற்று. அந்தக் கோடு அழிந்த அன்று அரசர் ராணியைப் பார்க்க ஓடினார், ஆமாம், ஓடினார். தலைப்பாகை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பிறகு குதிரை வணிகர். அவர் வட்டமும் மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டது. இனி ஒரே கோடு. மழையில் மங்கினால் சங்கநிதியார் வந்து புதுச் சுண்ணாம்பு இழுத்துவிட்டுப் போவார். மாதம் நூறு காசும் இப்போது சங்கநிதியார் ஒருவருக்கே. கடன் மளமளவென்று இறங்கியது. தேருக்குச் சில நாள் இருக்கும்போது நாற்பது காசுதான் பாக்கி.

அந்த நாற்பதை எடுத்துக்கொண்டு நல்லபெருமாள் சங்கநிதியார் வீட்டுக்குப் போனான். ஆள் இல்லை. கணக்குப்பிள்ளை கையை விரித்தார்.

"முதலாளி யாத்திரை போயிருக்காங்க. தேர் முடிஞ்சுதான் வருவாங்க. பணத்த நான் தொட மாட்டேன், அவங்க கையிலதான் குடுக்கணும்."

நல்லபெருமாளுக்குப் புரிந்துவிட்டது. கோட்டைப் போட்டவர்தான் அழிக்க வேண்டும். அவர் காசை வாங்காவிட்டால் கோடு இருக்கும். கோடு இருந்தால் அரசர் தேருக்குப் போக முடியாது. அரசர் போகாவிட்டால் நல்லபெருமாள் ஆற்றைத் தாண்ட வேண்டும். திரும்பி வரும் வழியில் குணபூஷணர், ராஜவீதியில் கோட்டை வாசலை ஒட்டி இருந்த தம் வீட்டு வாசலில் நின்று, "யாத்திரைக்குப் போனவரை என்ன செய்ய முடியும், பாவம்" என்று உச்சுக் கொட்டினார். மாடியில் யாரோ தும்மினார்கள். "பூனை" என்றார் குணபூஷணர்.

வீட்டில் உலகம்மை பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் திட்டவில்லை. அதுதான் நல்லபெருமாளுக்குப் பயமாக இருந்தது.

"எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டீங்களே. நாப்பது காசுல வந்து நிக்குதே" என்று மட்டும் சொன்னாள். மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"மூட்டைய அவிழ்த்து வை உலகு. நாளைக்குப் பொங்கறதுக்கு அந்தப் பெரிய பானை வேணும்" என்று சொல்லிவிட்டு, தேருக்கு வடம் திரிக்கிறவர்களைப் பார்க்கக் கிளம்பினான்.

தேர் நாள். ராஜவீதியின் ஒரு கோடியில் தேர், மறுகோடியில் கோட்டை வாசல். ஊரே கூடிவிட்டது. அரசர் வாசலைத் தாண்டி வந்து, சங்கநிதியாரின் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் நின்றார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. குணபூஷணர் பட்டு உடுத்தி, சந்தனம் பூசி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் பக்கத்தில் நின்றார்.

அரசர் விரலால் அந்தக் கோட்டைக் காட்டினார். "நல்லபெருமாள், நான்கு கோடுகளைத் தாண்டி வந்தேன். இந்த வருஷமும் என் ஜனங்கள் முன்னால் இப்படியே நிற்க வேண்டுமா?"

"நில்லுங்கள் மகாராஜா, தாண்ட வேண்டாம். வடம் தாண்டட்டும்."

அவன் கையைத் தூக்கினான். தேரிலிருந்து வடம் புறப்பட்டது. இருந்த வடத்தோடு புது வடத்தை முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். ஜனங்கள் கை மாற்றிக் கை மாற்றி அதை ராஜவீதி நெடுகக் கொண்டுவந்தார்கள். அதன் நுனி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அரசர் காலடியில் வந்து விழுந்தது.

"இது மோசடி!" என்று கத்தினார் குணபூஷணர்.

"ஏன் ஐயா, வடம் யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறதா?" என்றான் நல்லபெருமாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவன் அதோடு விடவில்லை. மடியை அவிழ்த்து, அந்த நாற்பது காசையும் எடுத்து, வாசலுக்கு நேரே இருந்த சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தான். "சங்கநிதியாருக்குச் சேர வேண்டிய கடைசிக் காசு! அவர் கோட்டின் மேலேயே வைத்துவிட்டேன். இனி அவர் பாடு, தேர்ச்சக்கரம் பாடு!" என்று தெருக் கோடி வரை கேட்கும்படி கூவினான்.

அரசர் வடத்தைப் பிடித்தார். பிடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இழுங்கள்!" என்றார். அரசர் கோட்டை முற்றத்துக்குள் பின்வாங்கி இழுக்க, ஆயிரம் பேர் வீதியில் இழுக்க, தேர் அசைந்தது. ஆடிக்கொண்டே ராஜவீதியில் வந்தது. ஆளுயரச் சக்கரங்கள் மண்ணை நசுக்கிக்கொண்டு நேராக அந்தக் காசு வரிசையை நோக்கி வந்தன.

வெயிலில் காசுகள் மின்னின. தேர் நெருங்கியது. அவ்வளவுதான், குணபூஷணர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. யாத்திரை போயிருந்த சங்கநிதியார், மேல்துண்டு இல்லாமல், குடுமி அவிழ்ந்து, "ஐயோ என் காசு! என் காசு!" என்று தலைதெறிக்க ஓடிவந்தார்.

முட்டுக்கட்டைக்காரர்கள் கட்டையைப் போட்டுத் தேரை நிறுத்தினார்கள். சங்கநிதியார் அதைக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலிட்டு விழுந்தார். இந்தக் கையால் அள்ளினார், அந்தக் கையால் அள்ளினார். மண்ணோடும் சுண்ணாம்போடும் காசைக் கூட்டிக் கூட்டி மடியில் போட்டுக்கொண்டு, வீதியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தவழ்ந்தார். கடைசிக் காசை எடுத்து நிமிர்ந்தபோது, வாசலுக்கு நேரே கோடு இல்லை. எல்லாச் சுண்ணாம்பும் அவருடைய பட்டு வேட்டியில் இருந்தது.

"வாங்கிவிட்டார்! கோட்டையும் அவரே கையால் அழித்துவிட்டார்!" என்று நல்லபெருமாள் கூவினான். ஊர் முழுக்க அதையே திருப்பிக் கூவியது.

அரசர் மெதுவாக வந்தார். கோடு இருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு காலை எடுத்துவைத்தார், மறு காலை எடுத்துவைத்தார். வீதிக்கு வந்துவிட்டார்! பிறகு அவர் வடம் பிடித்து நடந்த நடையை அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தது. வழியெல்லாம் நல்லபெருமாள் அரசருக்குக் குணபூஷணர் வீட்டுப் பூனைக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

அங்கே அரசர் நல்லபெருமாளை அருகே அழைத்தார். "சொன்ன சொல் தவற மாட்டேன். கேள். ஆயிரம் பொன் தரட்டுமா?"

"யாரிடம் வாங்கித் தருவீர்கள் மகாராஜா?"

அரசர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த மாதத்து நூறு காசில் நாற்பது போக அறுபது இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து நூறும் யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கும். இந்த அறுபதும் அடுத்த நூறும் உனக்கு. ரொக்கமாக!" என்றார். கூட்டத்தில் நின்ற உலகம்மை முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்த நேரம் கூட்டத்துக்குள்ளிருந்து, "ராசா!" என்று ஒரு குரல் கேட்டது. பேச்சாயி. அரசர் பழக்க தோஷத்தில் இரண்டடி பின்னால் குதித்துக் கீழே தரையைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க ராசா, கோலமாவு இல்ல. பூதான். ஒண்ணு வாங்கிக்கங்க" என்று ஒரு மல்லிகை மாலையை நீட்டினாள்.

"இவனுக்குத்தான் போட வேண்டும். விலை என்ன?" என்று கேட்டு இடுப்பைத் தடவினார் அரசர். காசு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு ஏது? 'கொடுத்துவிடலாம்' என்று வாய் வரை வந்தது. பேச்சாயி இடுப்பில் கை வைத்ததைப் பார்த்து அதை விழுங்கிவிட்டு, நழுவப் பார்த்துக்கொண்டிருந்த பொக்கிஷ அதிகாரியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"குணபூஷணரே, இந்த மாலைக்கு உம்முடைய மடியிலிருந்து காசு கொடும்."

"ஆகட்டும் அரசே" என்று மடியை அவிழ்த்துக் காசை எடுத்தார் அவர். "தாங்கள் எனக்கு எப்போது..."

"இது கடன் இல்லை ஐயா, அபராதம். மாடியில் பூனை வளர்த்ததற்கு முதல் தவணை" என்றார் அரசர். மாலையை நல்லபெருமாள் கழுத்தில் தம் கையாலேயே போட்டுவிட்டு, ராஜவீதி முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சிரித்தார்.